ஒளி, ஒலி, தொடுதல்: இணைப்புப் புறணிக்கு மூன்றும் ஒன்றுதானா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அசோசியேஷன் கார்டெக்ஸ் எனப்படும் மூளையின் இணைப்புப் புறணி (புறணி என்றால் மூளையின் மேலடுக்கு), வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் தோலில் படும் தொடுதலுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான மின் அலையைக் காட்டுகிறது என்று ஒரு பாடநூலில் படித்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பகுதிக்குப் புலன் பேதமே கிடையாதா, கிடையாதென்றால் அடித்தது மணியா, மின்னியது விளக்கா என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கிறீர்கள். கடைசியில், பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு மூளையின் பார்வைப் பகுதிகள் சும்மா கிடக்குமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே என்று நினைக்கிறேன்: இணைப்புப் புறணி எதைப் பார்த்துப் பதில் தருகிறது, தூண்டல் எந்த வழியாக வந்தது என்பதையா, அந்த விலங்குக்கோ மனிதருக்கோ அந்தத் தூண்டலால் என்ன வேலை என்பதையா?

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பவன். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்யும் வேலையும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். மண்டைக்குள் நுண்ணிய மின்முனை செருகித் தனித்தனி நரம்பணுக்களைக் கேட்டவன் அல்ல. அந்தப் பங்கைப் பிறருடைய ஆய்வுகளை வைத்தே சொல்லப்போகிறேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதியில்தான் சுவாரசியம் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடலாம். கண், காது, தோல் மூன்றிலிருந்தும் வரும் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்ற இடைநிலையத்தின் வழியாகப் புறணியில் தனித்தனி இடங்களில் இறங்குகின்றன. பார்வை பின்மண்டையில், ஒலி காதுக்கு மேலே டெம்போரல் மடலில், தொடுதல் உச்சியிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் ஒரு பட்டையில். இவை முதன்மைப் பகுதிகள். (மணம் மட்டும் தாலமஸைத் தொடாமலே புறணிக்குப் போய்விடும், அது தனிக்கதை.) மனித மூளையில் இந்த முதன்மைப் பகுதிகள் எல்லாம் சேர்ந்தாலும் புறணியில் சிறு பங்குதான். மிச்சமிருப்பதில் பெரும்பகுதி இணைப்புப் புறணி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால் பிளெக்சிக் என்ற ஜெர்மானிய நரம்பியலாளர் குழந்தைகளின் மூளையில் ஒன்றைக் கவனித்தார். முதன்மைப் பகுதிகளின் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை பிறப்பை ஒட்டியே வந்துவிடுகிறது. நடுவில் கிடக்கும் பகுதிகளுக்கு அது மிகவும் தாமதமாகத்தான் வருகிறது. அந்தத் தாமதத்தை அடையாளமாக வைத்தே இவற்றை இணைப்பு மையங்கள் என்று அவர் பிரித்தார்.

ஆனால் இணைப்புப் புறணி முழுவதும் ஒரே சரக்கு இல்லை. இது தெரியாமல்தான் பல குழப்பங்கள் வருகின்றன. ஒவ்வொரு முதன்மைப் பகுதியையும் ஒட்டி, அந்த ஒரு புலனுக்காகவே வேலை செய்யும் இணைப்புப் பகுதிகள் இருக்கின்றன. மக்காக் குரங்கில் பார்வையோடு தொடர்புடைய பகுதிகளை மட்டும் பெல்லமன், வான் எசன் என்ற இருவரும் 1991-இல் எண்ணியபோது 32 வந்தது. இந்த வகைப் பகுதி கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவத்தில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. நோயாளிக்குக் கண் தெரியும். எதிரே இருக்கும் சாவியைப் பார்த்து அதன் உருவத்தை வரையக்கூட முடியும். ஆனால் அது என்னவென்று சொல்லத் தெரியாது. அதையே கையில் கொடுத்தால், அல்லது குலுக்கி ஓசை எழுப்பினால், உடனே சாவி என்பார். சாவியைப் பற்றிய அறிவு அழியவில்லை. பார்வையிலிருந்து அந்த அறிவுக்குப் போகும் பாதைதான் அறுந்திருக்கிறது. ஆக, இணைப்புப் புறணியின் கணிசமான பகுதி புலன் பேதம் நன்றாகவே பார்க்கிறது. உங்கள் பாடநூல் பேசுவது இவற்றுக்கும் அப்பால், பல புலன்கள் வந்து கூடும் இடங்களைப் பற்றி: உச்சிக்குக் கீழே பின்பக்கமாக உள்ள பரைட்டல் மடலின் பின்பாதி, டெம்போரல் மடலின் மேல் பள்ளம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி ஆகியவை.

சரி, அந்த 'ஒரே மாதிரி அலை' எங்கிருந்து வந்தது? 1950களிலும் 60களிலும் பூனைகளில் நடந்த சோதனைகளிலிருந்து. ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. குளோரலோஸ் என்ற மயக்க மருந்து கொடுத்த பூனையின் புறணி மேல் மின்முனைகளை வைத்து, ஒரு வெளிச்ச மின்னல், ஒரு 'டிக்' ஓசை, காலில் ஒரு சிறு மின் அதிர்ச்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முதன்மைப் பகுதிகளில் எதிர்பார்த்தபடி அந்தந்தப் புலனுக்கு மட்டும் கூர்மையான, வேகமான பதில் வந்தது. இணைப்புப் பகுதிகள் சிலவற்றிலோ மூன்றுக்குமே பதில் வந்தது. சற்றுத் தாமதமாக, அகலமாக, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்த வடிவத்தில். ஒலிக்கான முதன்மைப் பகுதியை வெட்டி எடுத்த பிறகும் ஓசைக்கு அந்த அலை வந்துகொண்டிருந்தது. அதாவது செய்தி முதன்மைப் பகுதியைத் தாண்டித்தான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை; மூளையின் ஆழத்திலிருந்து தனி வழியும் உண்டு. முதலில் ஓசை கொடுத்து, அதன் பின்னாலேயே வெளிச்சம் கொடுத்தால் இரண்டாவதற்கான பதில் அமுங்கிப்போனது. வெவ்வேறு புலன்கள் ஒரே நரம்பணுக் கூட்டத்துக்காகப் போட்டியிடுகின்றன என்று இதிலிருந்து ஊகித்தார்கள். நியாயமான ஊகம்தான்.

இந்த முடிவுகள் உறுதியானவை. பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்தவை. அவற்றிலிருந்து எதை முடிவு கட்டலாம் என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, குளோரலோஸ் இருக்கிறதே, அது மற்ற மயக்க மருந்துகளைப் போல மூளையை வெறுமனே அடக்காது. புலன் தூண்டல்களுக்கான பதில்களை ஊதிப் பெரிதாக்கும், பரப்பும். விழித்திருக்கும் பூனையில் இதே அலைகள் சிறியவை, நிலையில்லாதவை, பூனையின் கவனத்தைப் பொறுத்து மாறுபவை. இரண்டாவது, புறணி மேல் வைத்த மின்முனை அதன் அடியிலுள்ள ஆயிரமாயிரம் நரம்பணுக்களின் மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டுகிறது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று உள்ளே கூட்டத்தின் இரைச்சலைக் கேட்பது போல. இரண்டு நாள் இரைச்சல் ஒரே மாதிரி இருந்தது என்பதால் இரண்டு நாளும் ஒரே ஆட்கள் ஒரே விஷயத்தைப் பேசினார்கள் என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் படித்த பாடநூலில் இந்த இரண்டு எச்சரிக்கைகளும் இல்லையென்றால் அது பெரிய குறை.

கதவைத் திறந்து ஒவ்வொரு நரம்பணுவாகக் கேட்டவர்கள் கண்டது வேறு மாதிரி இருந்தது. புரூஸ், டெசிமோன், கிராஸ் மூவரும் 1981-இல் மக்காக் குரங்கின் டெம்போரல் மடலின் மேல் பள்ளத்தில் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நரம்பணுக்கள் பார்வைக்கு மட்டும் பதில் தந்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை பார்வையோடு ஒலி, பார்வையோடு தொடுதல், அல்லது மூன்றும் என்று கலந்திருந்தன. ஒரே இடத்தில் அக்கம்பக்கமாக இத்தனை வகை. மேலிருந்து பார்த்தால் மூன்று புலனுக்கும் பதில் தரும் ஒரு பகுதி; உள்ளே போனால் அவரவருக்கு அவரவர் விருப்பம்.

பரைட்டல் மடலில் இன்னும் அழகான ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்கே ஒரு பள்ளத்தின் அடியில் உள்ள சில நரம்பணுக்கள், குரங்கின் கன்னத்தைத் தொட்டால் சுடும், அதாவது மின் துடிப்புகளை அனுப்பும். அதே கன்னத்தை நோக்கி ஒரு பொருள் வருவதைக் கண் பார்த்தாலும், தொடுவதற்கு முன்பே சுடும். தொடுபுலமும் பார்வைப் புலமும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி வைத்தது போல் பொருந்தியிருக்கின்றன. இந்த நரம்பணு பார்வையைச் சேர்ந்ததா, தொடுதலைச் சேர்ந்ததா என்று கேட்பதில் பொருளில்லை. கன்னத்தை ஒட்டிய இடத்தில் ஏதோ நடக்கிறது என்பதே அது சொல்லும் செய்தி. இதே மடலில் மவுன்ட்காசில் குழுவினர் 1975-இல் விவரித்த நரம்பணுக்கள் இன்னும் ஒரு படி மேலே. குரங்கு தனக்கு வேண்டிய பொருளை எட்டிப் பிடிக்கக் கை நீட்டும்போது அவை சுடும். அதே கையை ஆய்வாளர் பிடித்து அதே தூரம் நகர்த்தினால் அநேகமாக மௌனம். கை நகர்வது மட்டும் அவற்றுக்குப் போதவில்லை. குரங்குக்கு அந்தப் பொருள் வேண்டியிருக்க வேண்டும்.

எண்ணிக்கை உதாரணத்தையும் சொல்லாமல் போக மனமில்லை. தாம்சன் குழு 1970-இல் பூனையின் இணைப்புப் புறணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நரம்பணுக்களைக் கண்டது. வரிசையாகத் தூண்டல் கொடுத்துக்கொண்டே போனால் அவற்றுள் ஒன்று ஒரு குறிப்பிட்ட எண்ணில், உதாரணமாக ஏழாவதில், பதில் தரும். தூண்டல் ஓசையாக இருந்தாலும் வெளிச்சமாக இருந்தாலும் அதே எண்தான். மிகக் குறைந்த நரம்பணுக்கள் என்பதால் அப்போது பலர் இதை நம்பத் தயங்கினார்கள். ஆனால் ஆண்ட்ரியாஸ் நீடர் 2012-இல் குரங்குகளில் வெளியிட்ட பதிவுகளில், ஓசைகளின் எண்ணிக்கைக்கும் ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் ஒரே எண்ணையே தேர்ந்தெடுத்துப் பதில் தரும் நரம்பணுக்கள் முன்நெற்றியிலும் பரைட்டல் மடலிலும் கிடைத்தன. கவனியுங்கள், அங்கேயும் ஒரே புலனின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவை பல இருந்தன.

இனி எனக்கு நேரடியாகப் பழக்கமான பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு மனிதர்களில் கிடைக்கும் மிகத் தெளிவான விடை இங்கேதான் இருக்கிறது. ஒருவர் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒரே தொனியைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டு, எப்போதாவது ஒருமுறை வேறொரு தொனியைச் செருகுவோம். அந்த அரிய தொனியை மட்டும் எண்ணச் சொல்வோம். அது ஒலித்துச் சுமார் 300 மில்லிவினாடி கழித்து, உச்சிக்குப் பின்புறம் பெரிதாக ஒரு நேர்மின் அலை எழும். பி-300 என்று பெயர். சட்டன் குழுவினர் 1965-இல் விவரித்தது. ஓசைக்குப் பதில் ஒளியை வைத்தாலும், விரலில் அதிர்வை வைத்தாலும் அந்த அலை வருகிறது. ஒளிக்குப் பெரும்பாலும் சற்றுத் தாமதமாக வரும். இடமும் வடிவமும் மிக நெருங்கியே இருக்கும். எதிர்பார்த்த நேரத்தில் ஓசை வராமல் போனால், அந்த வெறுமைக்கும்கூட இது வருவதைக் காட்டியிருக்கிறார்கள். காதில் எதுவுமே விழவில்லை, ஆனாலும் அலை. மறுபுறம், அதே தொனிகளை ஓடவிட்டு, எண்ண வேண்டாம், கையில் ஒரு புத்தகத்தை வைத்துப் படியுங்கள் என்றால் முதன்மைப் பகுதியிலிருந்து வரும் தொடக்க அலைகள் ஏறக்குறைய அப்படியே நிற்க, பி-300 குன்றிவிடும். மாணவர்கள் இதை முதன்முதலில் திரையில் பார்க்கும்போது கருவியில் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். காதுக்குப் போன ஓசை மாறவில்லை. அந்த ஓசையால் ஆகவேண்டிய வேலை இல்லாமல் போய்விட்டது. இந்த அலை எந்த ஒரு புள்ளியிலிருந்து பிறக்கிறது என்று கேட்டால் ஒரே இடத்தைக் காட்ட முடியாது. டெம்போரல், பரைட்டல், முன்நெற்றிப் பகுதிகள் பலவும் சேர்ந்து தரும் கூட்டுத்தொகை அது.

இரண்டு புலன்கள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லவேண்டும். இதில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இடம் புறணியே அல்ல. நடுமூளையில் உள்ள மேல் கோலிகுலஸ் என்ற சிறு மேடு. ஸ்டைனும் மெரிடித்தும் பூனைகளில் கண்ட விதிகள் இவை: ஒளியும் ஒலியும் ஒரே இடத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தால் நரம்பணுவின் பதில் இரண்டில் எதையும்விடப் பெரிதாகிறது, தனித்தனியாக அவை மங்கலாக இருக்கும்போதுதான் இந்த ஆதாயம் மிக அதிகம். ஆனால் பூனையின் புறணியில் ஒரு குறிப்பிட்ட இணைப்புப் பகுதியைச் செயலிழக்க வைத்தால், கோலிகுலஸின் நரம்பணுக்கள் இரண்டு புலன்களுக்கும் தனித்தனியே பதில் தந்துகொண்டே இருந்தும் அந்தக் கூட்டல் நின்றுவிடுகிறது. இருட்டிலேயே வளர்த்த பூனைகளிலும் கூட்டல் உருவாவதில்லை. சேர்க்கும் திறன் பிறக்கும்போதே தயாராக வருவதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி. மனிதரில் இதற்கு இணையாக, மக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் 1976-இல் காட்டிய மாயம் உண்டு. 'பா' என்ற ஒலியை, 'கா' என்று உதடசைக்கும் முகத்தோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கு 'டா' என்று கேட்கும். இடது டெம்போரல் மடலின் மேல் பள்ளத்தைத் தலைக்கு வெளியிலிருந்து கொடுக்கும் காந்தத் துடிப்பால் சற்றுநேரம் குழப்பினால் இந்த மாயம் குறைகிறது. இந்தக் கலப்பு நடக்கும் இடங்களில் அது ஒன்று என்பது ஓரளவு உறுதி.

இப்போது மணியா விளக்கா என்ற கேள்வி. நான் இதற்குத் தரும் விடையில் இரண்டு பங்கு உறுதி, ஒரு பங்கு ஊகம். இணைப்புப் புறணி பதில் தரும் அதே நேரத்தில் முதன்மைப் பகுதிகள் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை, மணியின் சுருதியும் விளக்கின் இடமும் அங்கே பதிவாகிக்கொண்டே இருக்கின்றன என்பது உறுதி. புலன் பேதம் பார்க்காத பகுதிகளுக்கு உள்ளேயும், தனித்தனி நரம்பணுக்களின் விருப்பங்கள் கலந்து கிடப்பதால், கூட்டமாகப் பார்க்கும்போது எந்தப் புலன் என்ற தகவல் தொலைந்துபோவதில்லை என்பதும் உறுதி. இந்த இரண்டும் எப்படி ஒன்றுசேர்ந்து 'மணி அடித்தது' என்ற ஒற்றை அனுபவமாகின்றன என்பது ஊகம்தான். மேலிருந்து கீழாகத் திரும்பிச் செல்லும் நரம்பிழைகள் ஏராளம் உண்டு, அவற்றின் வழியே இரு நிலைகளும் மாறி மாறிப் பேசிக்கொள்வதால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் நிரூபணமான விஷயம் என்று வகுப்பில் சொல்வதில்லை.

நோயாளிகளிடமிருந்து ஒரு சாட்சியம். வலது பரைட்டல் பகுதி பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாததுபோல் ஆகிவிடும். பார்வையில் மட்டும் என்றில்லை, தொடுதலிலும் ஒலியிலும்கூட. அப்படிப்பட்ட ஒருவரின் இடக்கையை மட்டும் தொட்டால் உணர்வார். அதே நொடியில் வலக்கைக்கு அருகே ஏதாவது அசைந்து கண்ணில் பட்டால், இடக்கையில் பட்ட தொடுதல் அவருக்குத் தெரியாமலே போய்விடலாம். அசைவு வலக்கையிலிருந்து தள்ளியிருந்தால் இந்த விளைவு குறைகிறது. வலப்பக்கம் கண்ணால் பார்த்தது இடப்பக்கத் தோலின் உணர்வை அமுக்குகிறது என்றால், இரண்டும் ஒரே கணக்கில்தான் எங்கோ எழுதப்படுகின்றன. பூனையின் மூளையில் ஓசை வெளிச்சத்தை அமுக்கியதை இங்கே நினைத்துப் பாருங்கள். அந்தப் பழைய ஊகம் முற்றிலும் வீணில்லை.

ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத ஒரு சண்டையும் இருக்கிறது. முதன்மைப் பகுதிகளே சுத்தமாக ஒற்றைப் புலனுக்கானவைதானா? சத்தமில்லாமல் உதடசைவை மட்டும் பார்த்தாலும் ஒலிக்கான புறணியில் செயல்பாடு கூடுகிறது என்று 1997-இல் ஸ்கேன் ஆய்வு வந்தது. புறணி முழுவதுமே அடிப்படையில் பல்புலன் இயல்புடையதோ என்று கசன்பரும் ஷ்ரோடரும் 2006-இல் கேட்டார்கள். முதன்மைப் பகுதிகளில் பிற புலன்களின் தாக்கம் உண்மை என்றே நானும் கருதுகிறேன். பெரும்பாலும் அது சொந்தப் புலனின் பதிலைச் சற்றே ஏற்றி இறக்கும் அளவில் நிற்கிறது. அதை வைத்து எல்லைக்கோடுகளையே அழித்துவிடுவது அவசரம். ஸ்கேன் படங்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அது அளப்பது ரத்த ஓட்டத்தின் மாற்றத்தை, அந்த மாற்றம் உச்சத்தை எட்டவே நாலைந்து வினாடி ஆகும். ஒரு வண்ணப் புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். ஆக, அதுவும் ஒருவகையில் கதவுக்கு வெளியிலிருந்து கேட்பதுதான்.

கடைசியாக, பிறவியிலேயே பார்வை இல்லாதவர் பற்றி. சும்மா கிடப்பதில்லை என்பது மட்டும் சர்வ நிச்சயம். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது பின்மண்டையின் பார்வைப் பகுதிகள், முதன்மைப் பகுதி உட்பட, இயங்குகின்றன என்று சதாட்டோ குழுவினர் 1996-இல் காட்டினார்கள். இயங்குவதாலேயே அதற்கு அங்கே வேலை இருக்கிறது என்று ஆகிவிடாது என்ற நியாயமான சந்தேகம் எழுந்தது. மறு ஆண்டே கோஹன் குழுவினர் அந்தப் பகுதியைக் காந்தத் துடிப்பால் குழப்பிப் பார்த்தார்கள். பிரெய்ல் படிப்பதில் பிழைகள் வந்தன. பார்வை உள்ளவர்கள் விரலால் எழுத்தைத் தடவிப் படிக்கும்போது அதே குழப்பம் அவர்களைப் பாதிக்கவில்லை. பிறகு 2000-இல் ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத, பிரெய்லை நன்றாகப் படித்துவந்த ஒரு பெண்ணுக்குப் பக்கவாதத்தில் பின்மண்டையின் இருபுறமும் சேதமானது. அதன்பின் விரலுக்குப் புள்ளிகள் தட்டுப்பட்டன, ஆனால் எழுத்துகளாக அவரால் படிக்க முடியவில்லை. ஒரே ஒரு நோயாளி என்பதால் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மற்ற இரண்டு ஆய்வுகளோடு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களில் காந்தத் துடிப்பு இந்த அளவுக்குப் பிரெய்லைக் குழப்புவதில்லை. எந்த வயதோடு இந்த வாய்ப்பு மூடுகிறது என்பதில் ஆய்வுகள் பதின்பருவத்தின் நடுப்பகுதியைக் காட்டுகின்றன. கோடு அவ்வளவு கூர்மையானது என்று நான் நினைக்கவில்லை.